இரும்பு மனிதன் ஆர்ச்சி: மறுவாசிப்பும் மதிப்பீடும்

ஆர்ச்சி, தமிழில் 'இரும்பு மனிதன்' என்ற அடைமொழியுடன் அறிமுகமான பிரிட்டிஷ் சித்திரக்கதை நாயகன். 1984-இல் சிவகாசியிலிருந்து வெளிவரத் தொடங்கிய லயன் காமிக்ஸ், தன் தொடக்க ஆண்டுகளிலேயே இந்த இயந்திர மனிதனைத் தமிழ்ச் சிறுவர்களுக்குக் கொண்டுவந்தது. அன்று அதைப் படித்தவர்கள் இன்று ஐம்பது வயதை ஒட்டியவர்கள். ஈரோட்டில் ஆகஸ்ட் மாதம் நடக்கும் புத்தகத் திருவிழாவை ஒட்டி லயன், முத்து காமிக்ஸ் வாசகர்கள் ஒன்றுகூடுவது வழக்கம். கோவை, திருப்பூர், சேலம், கரூர் பக்கத்திலிருந்து வருபவர்களுக்கு அது ஒரு பேருந்துத் தொலைவு. பழைய பிரிட்டிஷ் நாயகர்களை மறுபதிப்பு செய்ய வேண்டுமா, அந்தப் பக்கங்களைப் புதிய கதைகளுக்குத் தர வேண்டுமா என்பது தமிழ் காமிக்ஸ் வாசகர்களிடையே ஓயாமல் நடக்கும் வழக்கு. ஆர்ச்சியைப் பற்றிய மதிப்பீடு இந்த வழக்கிற்குள்தான் வருகிறது.

கேள்வி எளிமையானது. ஆர்ச்சி கதைகள் இன்றைய வாசகர் படிக்கத் தகுந்தவையா? சிறுவயது நினைவு இல்லாத ஒரு கல்லூரி மாணவர் அவற்றைக் கையில் எடுத்தால் அவருக்கு என்ன கிடைக்கும்?

பின்னணி

லண்டனின் அமால்கமேட்டட் பிரஸ் நிறுவனம் 1952 பிப்ரவரியில் 'லயன்' என்ற சிறுவர் வார இதழைத் தொடங்கியது. அதன் முதல் இதழிலேயே ஆர்ச்சி இடம்பெற்றான். பேராசிரியர் ரிட்சி உருவாக்கிய இயந்திர மனிதனை அவருடைய மருமகன் டெட் ரிட்சியும் நண்பன் கென் டேலும் ஆப்பிரிக்கக் காட்டுக்குக் கொண்டுசெல்வதுதான் தொடக்கம். தொடரின் முதல் பெயரே 'காட்டு ரோபோ' என்ற பொருளில் அமைந்தது. சில மாதங்களில் நின்றுபோன தொடர் 1957-இல் மீண்டும் வந்து, 1974-இல் லயன் இதழ் 'வேலியண்ட்' இதழுடன் இணைக்கப்படும்வரை நீடித்தது. எழுதியவர் ஜார்ஜ் கோவன். தமிழில் இன்னும் பெரிய புகழ் பெற்ற ஸ்பைடரை உருவாக்கியவரும் இவரே. நீண்டகாலம் வரைந்தவர் டெட் கியரன்.

ஆர்ச்சி எந்தப் பொம்மையையும் விற்பதற்காகப் பிறந்தவன் அல்ல. வார இதழை விற்பதற்காகப் பிறந்தவன். ஒவ்வொரு வாரமும் ஓரிரு பக்கம், கடைசிக் கட்டத்தில் ஓர் ஆபத்து, அடுத்த வாரம் அதிலிருந்து மீட்பு. இந்த அமைப்பைத் தெரிந்துகொள்ளாமல் ஆர்ச்சி கதைகளைத் தொகுப்பாகப் படிப்பவர் சலிப்படைவது உறுதி. நாற்பது வாரங்களில் படிக்க வேண்டியதை அவர் நாற்பது நிமிடங்களில் படிக்கிறார். பாறை உருள்கிறது, பாலம் அறுகிறது, முதலை வாய் பிளக்கிறது. வாரம் ஒன்றாக வந்தபோது சிறுவனைத் தூங்கவிடாத அந்தத் திருப்பங்கள், தொகுப்பில் வரிசையாக வரும்போது கல்யாணப் பந்தியில் ஐந்தாவது முறையாக வைக்கப்படும் இனிப்புபோல் ஆகிவிடுகின்றன.

பொம்மை ரோபோக்களும் அவற்றின் நூல்களும்

ஆர்ச்சியின் காலத்துக்குப் பின் ரோபோ கதைகளின் பொருளாதாரமே மாறியது. 1984-இல் அமெரிக்காவின் ஹாஸ்ப்ரோ நிறுவனம் ஜப்பானின் டக்காரா பொம்மைகளை எடுத்து 'டிரான்ஸ்ஃபார்மர்ஸ்' என்ற பெயரில் வெளியிட்டது. கார் ரோபோவாக மாறும். ரோபோ காராக மாறும். கையில் பொம்மை இருந்தது, கதை இல்லை. கதை எழுதும் வேலை மார்வெல் காமிக்ஸிடம் ஒப்படைக்கப்பட்டது. ஜிம் ஷூட்டர் பின்னணியை எழுத, பாப் புடியான்ஸ்கி பெரும்பாலான ரோபோக்களுக்குப் பெயரும் குணமும் சூட்டினார். பொம்மைப் பெட்டியின் பின்பக்க அட்டையில் அச்சிடப்பட்ட நாலு வரிக் குணக்குறிப்புகளே பின்னர் வந்த படக்கதை, தொலைக்காட்சித் தொடர், நாவல் அனைத்துக்கும் வித்து. 2007-இல் வந்த திரைப்படத்தை நாவலாக எழுதியவர் ஆலன் டீன் ஃபாஸ்டர். அறிவியல் புனைவில் தேர்ந்த கை அது. ஆனால் அங்கே அவர் செய்தது திரைக்கதைக்கு உரைநடை உடுத்தும் வேலை.

டென்மார்க்கின் லெகோ நிறுவனம் 2001-இல் கொண்டுவந்த 'பயோனிக்கிள்' இன்னும் தெளிவான எடுத்துக்காட்டு. தீவில் வாழும் இயந்திர வீரர்கள், அவர்களுடைய முகமூடிகள், ஐம்பூதங்கள் போன்ற ஆற்றல்கள் என்று ஒரு முழுப் புராணமே கட்டப்பட்டது. தொடக்க நாவல்களை கேத்தி ஹாப்கா எழுதினார்; பின்னர் பெரும்பகுதியை எழுதியவர் லெகோவிலேயே பணியாற்றிய கிரெக் ஃபார்ஷ்டி. 2002-இல் நாயகர்கள் அறுவரும் புதிய உடலும் புதிய முகமூடியும் பெறுகிறார்கள். கதைக்குள் அதற்கு ஒரு தெய்விகக் காரணம் சொல்லப்படுகிறது. கதைக்கு வெளியே உள்ள காரணம், அந்த ஆண்டு கடைக்கு வந்த புதிய பொம்மைகள். இப்படி விற்பனைப் பட்டியல் கதையின் விதியாகும்போது எழுத்தாளர் செய்யக்கூடியது குறைவு. ஃபார்ஷ்டி அந்தக் குறுகிய இடத்திலும் நட்பு, பொறாமை, தலைமைப் பொறுப்பு ஆகியவற்றை உண்மையான அக்கறையோடு எழுதியவர் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்தப் புராணத்தில் நியூசிலாந்தின் மவோரி மொழிச் சொற்கள் எடுத்தாளப்பட்டதற்கு அம்மக்களிடமிருந்து எதிர்ப்பு வந்து, லெகோ சில பெயர்களை மாற்றவும் நேர்ந்தது.

வணிகக் காரணத்தால் எழுதப்பட்ட கதை உணர்ச்சியற்றது என்று முடிவுகட்டவும் முடியாது. 1986-இல் வந்த டிரான்ஸ்ஃபார்மர்ஸ் அசைபடத்தில் தலைவன் ஆப்டிமஸ் பிரைம் இறக்கிறான். பழைய பொம்மைகளை ஒதுக்கிவிட்டுப் புதியவற்றுக்கு இடம் தரவே அந்த மரணம். அரங்கில் குழந்தைகள் அழுதார்கள். எதிர்ப்புக்குப் பணிந்து அடுத்த ஆண்டே அவன் உயிர்ப்பிக்கப்பட்டான். இருப்பைக் கழிப்பதற்காக எழுதிய ஒரு காட்சி, ஒரு தலைமுறைக் குழந்தைகளுக்கு மரணத்தின் முதல் பாடமாக அமைந்தது. படைத்தவர் எதற்காக எழுதினார் என்பதைக் கொண்டு மட்டும் நூலின் தரத்தை அளக்கக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது. பொம்மையை எடுத்துவிட்டாலும் கதை நிற்கிறதா என்று பார்ப்பதே நியாயமான அளவுகோல். ஆர்ச்சிக்கும் அதே அளவுகோல்தான்: சிறுவயது நினைவை எடுத்துவிட்டால் கதை நிற்கிறதா?

காட்டுக் கதைகள்

'ரோபோ' என்ற சொல்லே கட்டாய உழைப்பைக் குறிக்கும் செக் மொழிச் சொல்லிலிருந்து வந்தது. காரெல் சாபெக் 1920-இல் வெளியிட்ட நாடகத்தில் அது செயற்கை அடிமைகளின் பெயர். அந்த அடிமைகள் எதிர்த்து எழுகிறார்கள். ஆர்ச்சி எதிர்த்து எழுவதே இல்லை. தொடக்கக் கதைகளில் அவனுக்குப் பேச்சும் இல்லை. டெட் கையில் உள்ள கட்டுப்பாட்டுப் பெட்டியின் பொத்தானை அழுத்தினால் நடப்பான், தூக்குவான், அடிப்பான். பெட்டி தொலைந்தால் சிலைபோல் நிற்பான். கதையின் பதற்றம் பெரும்பாலும் அந்தப் பெட்டியைச் சுற்றியே நடக்கிறது. பெட்டி ஆற்றில் விழும், குரங்கு தூக்கிச் செல்லும், எதிரியின் கையில் சிக்கும்.

இந்தக் கதைகளின் பெரிய குறை திரும்பத் திரும்ப வரும் சம்பவங்கள் அல்ல. வெள்ளை இளைஞர் இருவர், அவர்களுடைய ஏவலுக்கு ஆடும் ஓர் இரும்பு உடல், எதிரே காட்டுவாசிகள். அந்தக் காட்டுவாசிகள் ஒன்று இயந்திரத்தைக் கடவுள் என்று கும்பிடுகிறார்கள், இல்லையேல் ஈட்டியோடு பாய்ந்து சிதறி ஓடுகிறார்கள். அவர்களில் ஒருவருக்கும் நினைவில் நிற்கும் பெயர் இல்லை. 1952-இல் பிரிட்டனிடம் ஆப்பிரிக்கக் குடியேற்ற நாடுகள் பல இருந்தன. அந்த ஆண்டின் இறுதியில்தான் கென்யாவில் மவ் மவ் எழுச்சிக்கு எதிராக நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. லண்டன் சிறுவன் அந்தப் படங்களில் தன்னை எங்கே வைத்துப் பார்த்தான் என்பதில் ஐயமில்லை. கோபிசெட்டிபாளையத்திலோ தாராபுரத்திலோ அதே படங்களைப் பார்த்த தமிழ்ச் சிறுவனும் தன்னை டெட் பக்கத்தில்தான் வைத்துக்கொண்டான். தன் பாட்டனை ஆண்டவர்களின் பார்வையை அவன் இரவல் வாங்குகிறான் என்று சொல்ல அப்போது ஆளில்லை. பெண்கள் இந்த உலகத்தில் கிட்டத்தட்ட இல்லவே இல்லை.

காலம் அப்படிப்பட்டது என்று சொல்லிக் கடந்துவிடுவது சுலபம். ஆனால் மறுபதிப்பு செய்யப்படுவது இன்றைய காலத்தில். ஒரு பக்க முன்னுரைகூட இல்லாமல் இந்தக் கதைகளைப் பத்து வயதுப் பிள்ளையிடம் கொடுப்பது பொறுப்பான செயலாகாது. குடியேற்ற ஆட்சிக்கால வெகுசன இலக்கியத்தை ஆராயும் மாணவருக்கு இவை நல்ல மூலப்பொருள். மற்றவர்கள் விட்டுவிடலாம், இழப்பு ஒன்றுமில்லை.

கோட்டை என்னும் கால இயந்திரம்

1960-களில் ஆர்ச்சிக்குக் குரல் கிடைக்கிறது, சொந்தமாகச் சிந்திக்கும் திறனும் வருகிறது. கட்டுப்பாட்டுப் பெட்டி தேவையற்றதாகிறது. அதோடு கதையின் சுவையே மாறிவிடுகிறது. பேச்சு வந்த ஆர்ச்சி பெருமை பேசுகிறான். தன்னைப்போல் பலசாலி, அறிவாளி, அழகன் உலகத்தில் இல்லை என்கிறான். சொல்லி முடிப்பதற்குள் சேற்றில் தலைகீழாக விழுகிறான். இரும்பு மனிதனுக்குத் தற்பெருமை என்ற ஒரு குறை கிடைத்ததும் அவன் முதன்முதலாக ஓர் ஆளாகிறான். தமிழ் வாசகர்கள் ஆர்ச்சியை நினைவுகூரும்போது குறிப்பிடுவதும் இந்த வாய்ச்சவடாலைத்தான், முஷ்டி பலத்தை அல்ல. வீரமும் கோமாளித்தனமும் ஒரே உடலில் சேர்ந்த பாத்திரம் தெருக்கூத்துக் கட்டியங்காரனைக் கண்ட ஊருக்குப் புதியதல்ல. மொழிபெயர்ப்பில் இந்தப் பேச்சு ஒட்டிக்கொண்டதற்கு அதுவும் ஒரு காரணமாகலாம்.

இதே காலத்தில் சதுரங்கக் காயான யானையின் வடிவில், அதாவது ஆங்கிலேயர் கோட்டை என்று அழைக்கும் அந்தக் காயின் வடிவில், ஒரு கால இயந்திரம் வருகிறது. அதன் பெயரே கோட்டை. கல்லால் கட்டிய கோபுரம்போன்ற ஒன்று திடீரென்று மறைந்து வேறொரு நூற்றாண்டில் முளைப்பது, டெட் கியரனின் கறுப்பு வெள்ளைக் கோடுகளில் இன்றும் கண்ணுக்கு விருந்து. கடந்த காலத்தில் ஆர்ச்சி இடைக்கால வீரர்களோடு மோதுகிறான். எதிர்காலத்தில் தன்னைவிட வலிய இயந்திரங்களைச் சந்திக்கிறான். எதிர்கால உலகங்களில் அவன் பழைய மாதிரி, காயலான் கடைக்குரியவன். அங்கே அவனுடைய பெருமைப் பேச்சுக்குள் லேசான அச்சம் கேட்கத் தொடங்குகிறது. கோவன் இதை ஆழமாக எடுத்துச் செல்லவில்லை. இரண்டு கட்டம் தாண்டியதும் யாரையாவது தூக்கி எறிந்துவிட்டுக் கதை ஓடிவிடுகிறது. ஆயினும் அந்த இரண்டு கட்டங்கள் இருக்கின்றன.

எனவே ஆர்ச்சி கதைகளை ஒரே மூட்டையாகக் கட்டி மதிப்பிடுவது தவறு. கோட்டை வந்தபின் எழுதப்பட்ட கதைகள் இன்றும் படிக்கலாம் என்ற தகுதியைத் தாமே ஈட்டியவை. நினைவேக்கம் இல்லாத வாசகரும் அவற்றில் சிரிக்க இடமுண்டு.

ஜீனோ என்னும் எதிர்முனை

தமிழில் ரோபோ கதை பற்றிப் பேசும்போது சுஜாதாவின் ஜீனோவை விலக்க முடியாது. 1980-களில் ஆனந்த விகடனில் தொடராக வந்த 'என் இனிய இயந்திரா', பின்னர் அதன் தொடர்ச்சியான 'மீண்டும் ஜீனோ' ஆகிய இரண்டிலும் வரும் இயந்திர நாய் அது. முதல் நாவல் தொலைக்காட்சித் தொடராகவும் வந்தது. ஆர்ச்சி லயன் காமிக்ஸில் வந்த அதே பத்தாண்டில் தமிழ்ச் சிறுவருக்கும் பெரியவருக்கும் கிடைத்த இன்னொரு ரோபோ இது.

ஜீவா என்ற சர்வாதிகாரியின் ஆட்சியில் குழந்தை பெறவும் அரசு அனுமதி வேண்டும். பெயர் இரண்டெழுத்துக்கு மேல் கூடாது. நிலா, சிபி, ரவி, மனோ, ஜீவா, ஜீனோ என்று எல்லாமே இரண்டெழுத்து. ஒரு சர்வாதிகாரத்தைப் பெயர் நீளத்தில் காட்டியது சுஜாதாவின் சாமர்த்தியம். ஜீனோ முதலில் வருவது ஒரு வளர்ப்புப் பொம்மையாகத்தான். குரைக்கிறது, கொஞ்சுகிறது, வேடிக்கை காட்டுகிறது. பிறகு புத்தகம் படிக்கிறது. படிக்கப் படிக்கக் கேள்வி கேட்கிறது. பொம்மை தன் எல்லையைத் தாண்டுவதே கதையின் இயக்கமாகிறது. ஆர்ச்சியின் உலகத்தில் இது நடக்க முடியாது. அடுத்த வாரத்துக்காக ஆர்ச்சி ஒவ்வொரு கதை முடிவிலும் பழைய ஆர்ச்சியாகத் திரும்பியாக வேண்டும். ஜீனோவுக்குத் திரும்பிப் போக இடமில்லை.

சுஜாதாவும் வாராந்தர எழுத்தின் கட்டாயத்துக்கு உட்பட்டவரே. வாரக் கடைசித் திருப்பங்கள் 'என் இனிய இயந்திரா'வில் நிறைய. சில வலிந்து செய்தவை. 'மீண்டும் ஜீனோ'வில் நாய்க்கு அறிவு மிகுந்து, வாசகருக்குப் பாடம் நடத்தும் வாத்தியாராகிவிடுகிறது. முதல் நாவலின் துறுதுறுப்பு அதில் குறைவு. வெற்றி பெற்ற பாத்திரத்தை மீண்டும் அழைத்து வருவதில் உள்ள ஆபத்து, பொம்மை நிறுவனத்துக்கும் தேர்ந்த எழுத்தாளருக்கும் ஒன்றுதான்.

கொங்கு வாசகரும் மறுபதிப்பும்

கொங்குப் பகுதி இயந்திரங்களின் நாடு. பஞ்சாலை, வார்ப்படப் பட்டறை, பம்ப்செட், லேத், மாவு அரைக்கும் கிரைண்டர் என்று கோவையின் பெயரோடு சேர்ந்துவருபவை எல்லாம் உலோகமும் மோட்டாரும்தான். ஜி.டி. நாயுடுவின் கருவிகளைப் பார்க்கப் பள்ளிப் பிள்ளைகள் வரிசையில் அழைத்துச் செல்லப்படும் ஊர் அது. ஆனால் கொங்கு இலக்கியம் என்றவுடன் 1942-இல் வந்த ஆர். சண்முகசுந்தரத்தின் 'நாகம்மாள்' தொடங்கி மண்ணும் பண்ணையமும்தான் முன்னால் நிற்கின்றன. இயந்திரத்தோடு பேசும், சண்டையிடும், நட்புகொள்ளும் கற்பனை பெரும்பாலும் சிவகாசி வழியாக லண்டனிலிருந்து இறக்குமதியானது. வெகுசன எழுத்தில் கோவைக்காரரான ராஜேஷ்குமார் அறிவியல் செய்திகளைக் குற்றக்கதைக்குள் கலந்து எண்ணற்ற மாத நாவல்களை எழுதினார். அங்கும் இயந்திரம் கொலைக்கான கருவியாகவோ துப்பாகவோ வந்ததே மிகுதி. பட்டறையில் வளர்ந்த பிள்ளைக்குப் பேசும் இரும்பு எவ்வளவு நெருக்கமான கனவாக இருந்திருக்கும் என்பதை எண்ணினால், ஆர்ச்சியின் மேல் இந்தப் பகுதியினருக்கு உள்ள பற்றை வெறும் ஏக்கம் என்று தள்ள மனம் வராது.

உக்கடத்துப் பழைய புத்தகக் கடைகளிலும், முடிதிருத்தும் கடைப் பெஞ்சிலும், வாடகை நூல் நிலையங்களிலும் கைமாறிக் கிழிந்த இதழ்கள் இன்று சேகரிப்பாளர்களிடம் பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கின்றன. அட்டை கிழியாத பழைய பிரதிக்குப் பெருந்தொகை கேட்கப்படுகிறது. அந்த விலை கதையின் தரத்துக்கானது அல்ல, காணாமல்போன ஒரு மதியத்துக்கானது. அதில் குற்றமொன்றும் இல்லை. சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. தமிழ் காமிக்ஸின் சந்தை சிறியது. ஆண்டுக்கு இத்தனை இதழ்கள் என்ற அளவுக்குள்தான் எல்லாம் நடக்க வேண்டும். 2012-க்குப் பின் லயன், முத்து இதழ்கள் பிரெஞ்சு, பெல்ஜிய, இத்தாலியக் கதைகளை வண்ணத்தில், நல்ல தாளில் தமிழுக்குக் கொண்டுவந்தன. அந்தப் படைப்புகளில் பலவும் கதை நுட்பத்தில் ஆர்ச்சியைவிட மிகவும் முன்னேறியவை. ஒரு பழைய மறுபதிப்பு வந்தால் ஒரு புதிய கதை காத்திருக்கிறது. தமிழில் எழுதி வரையப்படும் சொந்தப் படக்கதையோ வரிசையின் கடைசியில் நிற்கிறது. பல ஆண்டுகளில் வரிசைக்கே வருவதில்லை.

இந்தக் கணக்கில் பார்த்தால், ஆர்ச்சியின் எல்லாக் கதைகளையும் திரும்பக் கொண்டுவரும் கோரிக்கைக்கு வலுவில்லை. கால இயந்திரக் கதைகளில் இரண்டு மூன்றைத் தேர்ந்து, நல்ல அளவில், கியரனின் கோடுகள் மங்காமல் அச்சிட்டு, யார் எழுதினார் யார் வரைந்தார் என்ற விவரத்தோடு ஒரே தொகுப்பாகத் தருவது போதும். பழைய தமிழ்ப் பதிப்புகளில் எழுத்தாளர், ஓவியர் பெயர்கள் பெரும்பாலும் இடம்பெறவில்லை. கோவனையும் கியரனையும் பெயர் தெரியாமலே ஒரு தலைமுறை படித்து முடித்தது. தொகுப்பில் காட்டுக் கதை ஒன்றையும் சேர்ப்பதானால், அதை முதலில் வைக்காமல் பின்னிணைப்பாக, அந்தக் காலப் பின்னணியைச் சொல்லும் குறிப்போடு வைக்கலாம். பெட்டியின் பொத்தானுக்கு ஆடிய இரும்பு எப்படி வாய் திறந்து பீற்றிக்கொள்ளும் ஆர்ச்சியாக மாறியது என்பது அப்போது புதிய வாசகருக்கும் தெரியவரும்.